ஓநாய் நடக்கும் வழியில் கேமரா: ஸ்பிதி மலைகளில் தானியங்கிக் கேமரா வைக்கும் முறை

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு, விலங்கு முன்னால் போனால் தானாகவே படமெடுக்கும் கேமராவை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் பனிச்சிறுத்தையை மனதில் வைத்துக்கொண்டே போகிறார்கள். செங்குத்துப் பாறையின் அடிவாரம், கூர்மையான முகடு, சிறுத்தை சிறுநீர் பீய்ச்சும் சாய்ந்த பாறை என்று இடம் தேடி வைக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து மெமரி கார்டை எடுத்துப் பார்த்தால் சிறுத்தை இருக்கும், செந்நரி இருக்கும், பாரல் என்னும் காட்டாடுகள் கூட்டமாக இருக்கும். ஓநாய் மட்டும் ஒன்றோ இரண்டோ, அதுவும் வாலும் பின்னங்காலுமாக. ஊர்க்காரர்களோ அதே காலத்தில் பலமுறை ஓநாயைப் பார்த்ததாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஓநாய் அங்கே இருக்கிறது. கேமரா இருக்கும் வழியில் அது நடப்பதில்லை.

இமயத்துக்கு வடக்கே 3,500 மீட்டருக்கு மேல் வாழும் இந்த ஓநாயை ஸ்பிதியிலும் லடாக்கிலும் 'ஷங்கு' என்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. ஆடு, கழுதை, குதிரைக்குட்டி என்று கால்நடைகளை அடிப்பதால் ஊர்களுக்கும் அதற்கும் நெடுநாள் பகை. லடாக்கில் ஓநாயைப் பிடிக்கக் கட்டிய கல்குழிகள் இன்றும் பல இடங்களில் நிற்கின்றன. இந்தப் பகை கேமரா வைக்கிறவர் எடுக்கும் முடிவுகள் பலவற்றையும் தொடுகிறது.

அனுமதியும் ஊரும்

ஸ்பிதியில் கிப்பர் சரணாலயம் 1992-லும் 'பின்' (Pin) பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா 1987-லும் அறிவிக்கப்பட்டவை. சரணாலயத்துக்குள் ஆய்வுக்கோ படமெடுக்கவோ நுழைய வனவிலங்குச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் கேமராக்களின் எண்ணிக்கை, வைக்கும் பகுதி, நாட்கள், படங்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். கடிதம் கையில் வராமல் பயணச்சீட்டு போடாதீர்கள்.

சரணாலயத்துக்கு வெளியே இருந்தாலும் அந்த மேய்ச்சல் வெளிகள் யாரோ ஒரு ஊருடையவை. ஊர்த் தலைவரைப் பார்த்து, எந்தெந்த இடத்தில் எத்தனை நாள் கேமரா இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் மலையேற வேண்டும். சாணம் பொறுக்கவும் புல் அறுக்கவும் பெண்கள் போகும் பாதைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மனிதர் விழுந்த படங்களை யாரும் பார்க்காமல் அழித்துவிடுவோம் என்று முன்பே வாக்குக் கொடுங்கள், கொடுத்தபடி நடங்கள். ஒவ்வொரு கேமராவின் அருகிலும் இந்தியிலும் திபெத்திய (போட்டி, Bhoti) எழுத்திலும் ஒரு சிறு அட்டை: இது என்ன, யார் வைத்தது, என்று எடுப்போம். திருட்டைத் தடுப்பதில் இரும்புக் கம்பிப் பூட்டை விட இந்த அட்டைக்குப் பலன் அதிகம்.

சிம் போட்டுப் படம் அனுப்பும் கேமராக்களை எல்லை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். சிக்னலும் இருக்காது, சோதனைச் சாவடியில் பதில் சொல்லியும் மாளாது.

எதை வாங்குவது

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சலை நம்பி வாங்காதீர்கள். 30, 40 மெகாபிக்சல் என்று விற்கும் கேமராக்களில் பலவற்றின் சென்சார் அதில் கால்பங்குகூட இருக்காது. மீதியைக் கேமரா உள்ளேயே நிரப்பிப் பெரிதாக்குகிறது. கோப்பின் அளவு கூடும், கார்டு சீக்கிரம் நிரம்பும், ஓநாயின் முகம் தெளிவாகாது. பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது ட்ரிகர் வேகம். வெப்பத்தை உணர்ந்த நொடியிலிருந்து படம் விழும்வரை ஆகும் நேரம் அது. பாதையில் போகும் ஓநாய் நடப்பதில்லை, துள்ளோட்டத்தில் போகும். ஏறத்தாழ மணிக்கு 8 கி.மீ., அதாவது நொடிக்கு 2.2 மீட்டர். லென்ஸின் கோணம் 50 டிகிரி என்றால் 4 மீட்டர் தூரத்தில் படச்சட்டத்தின் அகலம் சுமார் 3.7 மீட்டர். குறுக்கே போகும் ஓநாய் அந்தச் சட்டத்தில் இருப்பதே 1.7 நொடிதான். 0.3 நொடியில் சுடும் கேமராவில் அது முக்கால் மீட்டருக்குள்தான் நகர்ந்திருக்கும். 1 நொடி எடுத்துக்கொள்ளும் கேமராவில் நடுவைத் தாண்டிவிட்டிருக்கும்; வால் மட்டும் கிடைப்பது இதனால்தான். 0.5 நொடிக்கு மேல் ஆகும் கேமராவை ஓநாய்க்கு வாங்க வேண்டாம்.

இரண்டாவது, முதல் படத்துக்குப் பின் மறுபடி தயாராக ஆகும் நேரம். இந்த மலைகளில் ஓநாய்கள் பெரும்பாலும் சிறு கூட்டமாகத்தான் திரியும். பனியில் ஒன்றன் காலடியில் ஒன்று கால் வைத்து வரிசையாக வரும். முதல் ஓநாயைச் சுட்டுவிட்டு 10 நொடி தூங்கும் கேமரா, கூட்டத்தைத் தனி ஓநாய் என்று காட்டிவிடும்.

மூன்றாவது, இரவு விளக்கு. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு தூரமாக ஒளி வீசும். ஆனால் எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. சந்தேகப் பிராணியான ஓநாய்க்கு 940 நல்லது. தூரம் குறைந்தால் பரவாயில்லை, கேமராவைத்தான் 4 மீட்டரில் வைக்கப்போகிறோம்.

மெமரி கார்டு 32 ஜி.பி. போதும். பெயர்பெற்ற நிறுவனத்தின் முழு அளவு எஸ்டி கார்டாக இருக்கட்டும். மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகிப் போட்டால் குளிரில் தொடர்பு விட்டுப்போக வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரில் அல்ல, எந்தக் கேமராவில் போடுகிறீர்களோ அதிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஒரு படம் 3.5 எம்.பி. என்றால் சுமார் 9,000 படம் பிடிக்கும்.

பேட்டரி

பணத்தைச் சேமிக்கப் பார்த்து மாதக்கணக்கான உழைப்பை இழப்பது இங்கேதான். குளிர்காலத்தில் ஸ்பிதியின் இரவு மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே போகும். சாதாரண அல்கலைன் செல்லின் உள்ளே இருப்பது நீர் கலந்த கரைசல். மைனஸ் 20-இல் அதன் திறன் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். பகலில் கேமரா வேலை செய்யும், இரவில் அகச்சிவப்பு விளக்கு மின்சாரத்தை உறிஞ்சும்போது மின்னழுத்தம் சரிந்து கேமரா அணைந்துவிடும். கார்டில் பகல் படங்கள் ஒழுங்காக இருக்க, இரவுப் படங்கள் மட்டும் ஒரு தேதிக்குப் பின் இல்லாமல் போனால் காரணம் இதுதான். 'இங்கே இரவில் விலங்கு வருவதில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் 1.2 வோல்ட்தான் தரும். சில கேமராக்கள் அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். இங்கே போட வேண்டியது 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல், ஒருமுறை பயன்படுத்துவது. மைனஸ் 40 வரை தாங்கும், எடையும் குறைவு. அதற்கு ஒரு குணம் உண்டு: கடைசிவரை மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். கேமராவின் பேட்டரி அளவுகோல் மூன்று கட்டம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தீர்ந்துவிடலாம். அளவுகோலைப் பார்த்து 'இன்னும் இருக்கிறது' என்று விட்டுவராமல் நாளைக் கணக்கிட்டு மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. 8 செல் கேமரா பத்து என்றால் ஒரு தவணைக்கு 80 செல், கூட ஒரு 16 உபரி. விமானத்தில் போகிறவர்கள் இவற்றைக் கைப்பையில், முனைகள் ஒன்றோடொன்று உரசாத பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வைத்தால் பேட்டரி பல மடங்கு வேகமாகக் கரையும். பத்துக் கேமராவில் இரண்டில் மட்டும், அதுவும் விலங்குகள் நின்று மோந்து பார்க்கும் இடத்தில், 15 நொடி வீடியோ வையுங்கள். மற்றவற்றில் படம் போதும்.

எந்த வழி

பனிச்சிறுத்தை பாறையை ஒட்டிய விலங்கு. ஓநாய்க்கு நீண்ட தூரம் களைப்பில்லாமல் போகும் வழி வேண்டும். அகன்ற ஆற்றுப்படுகை, கணவாய், இரண்டு பள்ளத்தாக்குகளை இணைக்கும் தாழ்ந்த மலைமுதுகு, மேட்டுவெளியின் ஓரம், யாக்குகள் போய்ப் போய்த் தேய்ந்த தடம், சில சமயம் நாம் போட்ட சாலையே. பனிக்காலத்தில் ஜீப் தடத்தில் பனி இறுகியிருக்கும். ஓநாய் அதில்தான் போகும்.

வரைபடத்தில் முதலில் சம உயரக் கோடுகள் அகன்று கிடக்கும், அதாவது சரிவு குறைந்த இடங்களைக் குறியுங்கள். அப்படிப்பட்ட இரண்டு வெளிகள் ஒரு குறுகலில் சந்திக்கும் இடம் எது என்று பாருங்கள். அதன்பின் நேரில் நடந்து மூன்று அடையாளங்களைத் தேடுங்கள்: எச்சம், கால்தடம், சந்தி.

ஓநாயின் எச்சம் பெரும்பாலும் பாதையின் நடுவில், பாதைகள் பிரியும் இடத்தில், சற்று மேடான கல்லின் மேல் கிடக்கும். உள்ளே மயிரும் எலும்புத் துண்டும் முறுக்கிக்கொண்டிருக்கும். பழையது வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருக்கும். ஒரே இடத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து கிடந்தால் வேறு இடம் தேட வேண்டாம். கையால் தொடாதீர்கள், ஒட்டுண்ணி முட்டைகள் இருக்கும்.

கால்தடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். ஓடை ஓரத்தில் உருகி மறுபடி உறைந்த சேற்றில் விழுந்த தடம்தான் தெளிவாக இருக்கும். நீளம் 10 செ.மீ. அளவு, அகலத்தை விட நீளம் அதிகம். நடு விரல்கள் இரண்டும் ஓர விரல்களை விட நன்றாக முன்னே நிற்கும். நான்கு நகமும் பதிந்திருக்கும். சிறுத்தையின் தடம் வட்டமாக, நகமில்லாமல் இருக்கும். குதிகால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு தெரியும். செந்நரியின் தடம் ஓநாயினுடையதில் பாதிதான். குழப்புவது நாய். ஊர்க்காவல் நாயின் தடம் ஓநாய் அளவுக்கே இருக்கும். ஒரு தடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது; ஐம்பது அடி பின்தொடர்ந்து பாருங்கள். ஓநாயின் தடம் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும், பின்கால் முன்காலின் தடத்திலேயே விழும். நாய் அங்கும் இங்கும் விலகும், நிற்கும், மோந்து பார்க்கும், திரும்பும்.

பாதைகள் சந்திக்கும் இடத்தில் ஓநாய் வேகம் குறைக்கும், மோந்து பார்க்கும், காலைத் தூக்கும், பின்காலால் மண்ணைப் பிறாண்டும். வேகம் குறைந்தால் படம் தெளியும். நேரான பாதையில் ஒரு கேமரா வைப்பதை விடச் சந்தியில் வைப்பது நல்லது.

பத்துக் கேமரா இருந்தால் ஆறை ஓநாய் வழிக்கும், மூன்றை முகடும் பாறையடியுமான சிறுத்தை வழிக்கும், ஒன்றை நீர்நிலைக்கும் கொடுங்கள். ஒன்றுக்கொன்று இரண்டு கிலோமீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஓநாய்க் கூட்டம் ஒன்று நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் திரியும், கேமராக்களை நெருக்கி வைத்தால் ஒரே கூட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

கல் தூண்

முதுமலையிலும் ஆனைமலையிலும் கேமராவை மரத்தில் பட்டையால் கட்டிவிடலாம். ஸ்பிதியின் மேட்டில் மரமே கிடையாது. கேமரா நிற்பது கற்களை அடுக்கிக் கட்டிய சிறு தூணில்தான். இதைச் சரியாகக் கட்டத் தெரிவது பாதி வேலை.

கற்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவர், உச்சியில் கொடி கட்டிய லாத்தோ என்னும் தெய்வமேடை, கணவாயில் வழிப்போக்கர் வைத்துப்போன குவியல் ஆகியவற்றிலிருந்து ஒரு கல்கூட எடுக்கக் கூடாது. அவற்றின் அருகில் தூண் கட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

பாதையின் நடுவிலிருந்து 3.5 முதல் 4 மீட்டர் தள்ளி, கெட்டியான தரையில் இரண்டு முழம் அகலத்துக்குத் தட்டையான கல்லைப் பதியுங்கள். அதன்மேல் பெரிய கற்களை உள்பக்கம் சாய்வாக இரண்டு மூன்று வரிசை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். கேமராவின் லென்ஸ் பாதையின் மட்டத்திலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தூணின் மட்டத்திலிருந்து அல்ல; பாதை தாழ்வாக இருந்தால் அதற்கேற்பத் தூணையும் குறையுங்கள். இதை மறந்தவர்களின் படங்களில் ஓநாயின் முதுகும் காதும்தான் விழும்.

மேல்வரிசையில் கேமரா உட்காரும் அளவுக்கு ஒரு மாடம் விடுங்கள். பின்னால் ஒரு தட்டைக்கல், இரு பக்கமும் ஒவ்வொரு கல், மேலே பனி விழாமல் ஒரு கூரைக்கல். கூரைக்கல் கேமராவின் முகத்தைத் தாண்டி மூன்று விரல் அகலத்துக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் இரவில் அகச்சிவப்பு ஒளி கல்லின் அடிப்புறத்தில் பட்டுத் திரும்பி, படத்தின் மேல்பாதி வெள்ளையாகிவிடும், பின்னால் இருக்கும் ஓநாய் கறுத்துப்போகும். கேமராவுக்கு முன்னால் தரையில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தாலும் இதே கோளாறு கீழ்ப்பாதியில் வரும். சந்துகளைச் சில்லுக்கற்களால் இறுக்குங்கள். சேறு பூச வேண்டாம். அது உறையும்போது விரிந்து கல்லை நகர்த்திவிடும், உருகும்போது கேமரா தலைகுப்புறச் சாயும். கேமராவை ஒரு கம்பியால் அடிக்கல்லோடு சேர்த்துக் கட்டுங்கள். ரப்பர் கயிறு குளிரில் விறைத்து அறுந்துவிடும்.

கட்டி முடித்ததும் தொடையால் ஒரு முட்டு முட்டிப் பாருங்கள். ஆடினால் பிரித்து மறுபடி கட்டுங்கள். யாக் வந்து முதுகு தேய்க்கும்போது நீங்கள் முட்டியதை விடப் பல மடங்கு பலமாக இருக்கும். புதிதாக முளைத்த தூணை நரியும் சிறுத்தையும் தன் எல்லைக்கல்லாக எடுத்துக்கொள்வதும் உண்டு. லென்ஸின் மேல் சிறுநீர் உறைந்து சில வாரம் மங்கலான படங்களே வரும். சுற்றிலும் இருக்கும் பாறையோடு சேர்ந்து தெரியும்படி தாழ்வாகக் கட்டினால் இது குறையும்.

திசையும் கோணமும்

கேமரா வடக்கு நோக்கியிருக்கட்டும். ஸ்பிதி சுமார் 32 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில்கூடச் சூரியன் தெற்கு வானில் சுமார் 35 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். தெற்கு நோக்கிய கேமராவுக்குள் நாளெல்லாம் வெயில் அடிக்கும். கிழக்கும் மேற்கும் காலை மாலை இரண்டு வேளையும் கெடுக்கும், ஓநாய் நடமாட்டம் அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான்.

வெப்ப உணரி உடல் வெப்பத்தை அளப்பதில்லை. பின்புலத்தின் வெப்பநிலையிலிருந்து வேறுபட்ட ஒன்று குறுக்கே நகர்ந்தால்தான் அது விழிக்கும். இதிலிருந்து இரண்டு தொல்லை வருகிறது. நண்பகலில் சூடேறிய பாறையின் மேல் மேகநிழல் போய் வந்தாலோ, காற்றில் புல்தண்டு ஆடினாலோ உணரி ஏமாந்து வெறும் படமாகச் சுட்டுத் தள்ளும். நேர்மாறாக, அடர்ந்த குளிர்கால மயிர் போர்த்த ஓநாயின் வெளிப்பரப்பு காற்றின் குளிரை ஒட்டியே இருக்கும். முகமும் கால்களும்தான் சூடாகத் தெரியும். அதனால் குளிர்காலத்தில் உணர்திறனை 'ஹை' என்று வையுங்கள், கோடையில் 'மீடியம்'. கேமராவுக்கும் பாதைக்கும் இடையே இருக்கும் புல், முட்செடி எல்லாவற்றையும் மண்ணோடு நறுக்குங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம், அந்த மண்ணில் செடி மறுபடி வளர நெடுங்காலம் ஆகும்.

பாதைக்குச் செங்குத்தாக நோக்கினால் உணரி நன்றாக விழிக்கும், ஆனால் விலங்கு சட்டத்தைச் சீக்கிரம் கடந்துவிடும். பாதையின் நீளத்தை நோக்கினால் விலங்கு நேரே வரும், உணரி தாமதமாக விழிக்கும். இரண்டுக்கும் நடுவே, பாதைக்கு 45 டிகிரி சாய்வாக வையுங்கள்.

அமைப்புகள்: ஒரு தூண்டலுக்கு 3 படம், இடைவெளி பூஜ்யம் அல்லது கேமரா அனுமதிக்கும் மிகக் குறைந்த நேரம், 8 மெகாபிக்சல் அளவு, 24 மணி நேரக் கடிகாரம், இந்திய நேரம். தேதியை மாதம் முதலில் எழுதும் கேமராக்கள் இருக்கின்றன, 03/04 என்றால் எது நாள் எது மாதம் என்று குழம்பும். எல்லாக் கேமராவிலும் ஒரே முறை வையுங்கள். பிறகு சோதனை முறையில் போட்டுவிட்டு, பாதையில் நாலு காலில் தவழ்ந்து வாருங்கள். நிமிர்ந்து நடந்தால் உங்கள் உயரத்துக்கு அது எப்படியும் விழிக்கும், அது சோதனை ஆகாது. கடைசியாகக் கேமரா எண், இடம், தேதி, கைக்கடிகார நேரம் எழுதிய பலகையை லென்ஸுக்கு முன் காட்டி ஒரு படம் விழவிடுங்கள். எடுக்க வரும்போதும் அப்படியே. கேமராவின் கடிகாரம் எவ்வளவு பிசகியது என்று பிறகு தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

வாசனையும் முக்கியம். பேட்டரி மாற்றும் கை, தோள்பை, சோப்பு எல்லாம் ஓநாய்க்கு மணக்கும். கேமராக்களை ஊரில் இருக்கும்போதே மூன்று நாள் வெளியே காற்றில் வையுங்கள், கையுறையோடு தொடுங்கள், பாதையின் மேல் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். வைத்த இடத்தில் முதல் இரண்டு வாரம் ஓநாய் வராவிட்டால் இடத்தை மாற்றாதீர்கள். இறைச்சியோ வாசனைத் திரவமோ வைத்து இழுப்பது கூடவே கூடாது. இழுத்தால் நாய்கள்தான் முதலில் வரும். பாதை இயல்பாக எப்படிப் பயன்படுகிறது என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடும்.

எப்போது

ஜனவரி முதல் மார்ச் வரை ஓநாய்க்கும் பனிச்சிறுத்தைக்கும் இணைசேரும் பருவம். சிறுநீர் தெளிப்பது, பிறாண்டுவது எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். படத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை, பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட காலமும் இல்லை. அக்டோபரில் தூண்களைக் கட்டிக் கேமரா வைத்துவிட்டு, ஜனவரியில் ஊர்க்காரர்களோடு போய் பேட்டரியும் கார்டும் மாற்றி, மார்ச் கடைசியில் எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பனி ஒரு முழத்துக்கு மேல் சேரும் சரிவில் கேமரா புதைந்துவிடும். காற்று பனியை வாரிக்கொண்டுபோகும் முதுகுகளைத் தேர்ந்தெடுங்கள். குன்சும் கணவாய் குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும், சிம்லா–கின்னௌர் வழிதான். அந்த வழியில் உயரம் மெல்ல ஏறுவது உடம்புக்கும் நல்லது. ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மேலே போங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஓநாய் குட்டி போடும். குகை இருக்கும் இடம் தெரிந்தால் அங்கே கேமரா வைக்காதீர்கள். தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்விடும். அதோடு, குட்டிகளைக் குகையிலேயே அழிப்பது இந்த மலைகளில் நடந்திருக்கும் காரியம். உங்கள் காலடி பனியில் குகைக்கு வழிகாட்டிவிடும்.

கார்டு மாற்றும் நாள்

வெறும் கையால் உலோகத்தைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். பனி விழும்போது கேமராவைத் திறக்காதீர்கள். கேமராவை அறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், வெளியிலேயே இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அறைக்குள் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் சூடான காற்றின் ஈரம் லென்ஸின் உள்பக்கம் படியும். மறுபடி வெளியே வைத்ததும் அது உறைந்துவிடும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மூடியின் ரப்பர் விளிம்பில் மணல் ஒரு துகள்கூட இல்லாமல் துடையுங்கள்.

படங்களைப் பிரித்தல்

ஒரு ஆட்டு மந்தை கேமரா முன்னால் போனால் ஒரே நாளில் ஆயிரம் படம் சேரும். மெகாடிடெக்டர் போன்ற இலவச மென்பொருள் விலங்கு, மனிதர், வண்டி, வெறும்படம் என்று முதலில் பிரித்துக் கொடுத்துவிடும். மனிதர் கோப்புறையைத் திறக்காமலே அழித்துவிடலாம். விலங்கு என்று அது சொன்னவற்றில் பாறைகளும் இருக்கும், கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஓநாயா நாயா என்பதில் அவசரம் வேண்டாம். ஓநாயின் கால் நீளம், நெஞ்சு ஒடுக்கம், முகம் அகன்று கன்னமயிர் வெளிறியிருக்கும், போகும்போது வால் தொங்கும். வால் மேலே சுருண்டிருந்தால் நாய். காது மடிந்திருந்தாலும் நாய். இரண்டும் கலந்து பிறந்ததை லடாக்கில் 'கிப்ஷாங்' என்பார்கள். மூன்று படத்தையும் பார்த்த பின்பும் ஐயம் இருந்தால் 'நாயினம், உறுதியில்லை' என்றே எழுதுங்கள். செந்நரியின் வால்நுனி வெள்ளை. லடாக்கில் சிவிங்கிப்பூனையும் வரும். காதுநுனிக் குஞ்சமும் குட்டை வாலும் காட்டிக்கொடுக்கும்.

பனிச்சிறுத்தையை உடற்புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். 2024 ஜனவரியில் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் கேமரா வைத்து 241 தனித்தனிச் சிறுத்தைகளைப் பிரித்தறிந்தார்கள். அதிலிருந்துதான் இந்தியாவில் 718 என்ற மதிப்பீடு வந்தது. ஓநாய்க்கு அப்படிப்பட்ட புள்ளி கிடையாது. 'ஆறு படம், ஆறு ஓநாய்' என்று எண்ணக் கூடாது. ஒரே கேமராவில் 30 நிமிடத்துக்குள் வந்தவற்றை ஒரு வருகையாக எடுத்துக்கொண்டு, 100 கேமரா-இரவுக்கு எத்தனை வருகை என்று கணக்கிடுங்கள். பத்துக் கேமரா 45 இரவு என்றால் 450. இரண்டு கேமரா 15 இரவு அணைந்து கிடந்தால் 30 கழித்து 420. வருகை ஆறு என்றால் விகிதம் 1.43. அணைந்த இரவுகளைக் கழிக்காமல் போடும் கணக்கு ஓநாயைக் குறைத்துக் காட்டும்.

படத்தை வெளியிடும்போது பள்ளத்தாக்கின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்புக்குள் இருக்கும் இடக்குறிப்பை அழியுங்கள். பின்னால் தெரியும் மலைமுகடு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றால் படத்தை வெட்டுங்கள். ஊரில் கால்நடை அடிபட்ட வாரத்தில் ஓநாய்ப் படத்தை யாருக்கும் காட்டாதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.

கேமராவை எடுத்த அன்றே தூணைப் பிரித்துக் கற்களை எடுத்த இடத்தில் பரப்பிவிடுங்கள். கம்பித்துண்டு, தீர்ந்த செல், அட்டை எல்லாம் பைக்குள் வர வேண்டும். செல்களை எண்ணுங்கள், 80 கொண்டுபோனால் 80 திரும்பி வர வேண்டும்.